ஊக்கமருந்துச் சோதனைக்குக் கொடுத்த சிறுநீர் டெல்லியில் என்னவாகிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு 17 வயது, 400 மீட்டர் ஓடுகிறாள். ஜூனியர் தேசிய மீட்டில் பந்தயம் முடிந்ததும் அழைத்துப் போய்ச் சிறுநீர் மாதிரி எடுத்திருக்கிறார்கள். அதற்கு நாலைந்து நாள் முன்பு சளிக்காக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய இருமல் டானிக் குடித்திருக்கிறாள். கோச் கொடுத்த பவுடரையும் சில மாதங்களாகப் பாலில் கலந்து குடிக்கிறாள். அந்தப் பாட்டில் எங்கே போகும், யார் சோதிப்பார்கள், வழியில் மாற்றிவிட முடியுமா, வரும் ரிசல்ட்டை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் அடியில் நீங்கள் நேராகக் கேட்காத ஒன்றும் இருக்கிறது: தெரியாமல் உள்ளே போன ஒரு பொருளால் பிள்ளையின் ஓட்டம் நின்றுபோகுமா? இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் பகுப்பாய்வு வேதியியல் படித்தவன். மருந்துக் கம்பெனிகளுக்காக இரத்தத்திலும் சிறுநீரிலும் மருந்தின் அளவு பார்க்கும் ஆய்வகத்தில்தான் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போனது; மூலக்கூறுகளை எடை பார்த்து அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்தான் என் கருவி. இடையில் சில ஆண்டுகள் மீட்டுகளில் மாதிரி சேகரிக்கும் அதிகாரியாகவும் இருந்திருக்கிறேன். டெல்லி ஆய்வகத்தில் வேலை பார்த்ததில்லை. வக்கீலும் இல்லை. ஆகவே மாதிரி எடுப்பது பற்றியும் வேதியியல் பற்றியும் நான் சொல்வதைத் தொழில் செய்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். விசாரணை, தண்டனை பற்றிச் சொல்வது விதிகளைப் படித்தவன் சொல்வது, அவ்வளவுதான். உங்கள் மகளின் ரிசல்ட் என்ன வரும் என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது.

யார் யார் இதில் இருக்கிறார்கள் என்பதில் பலருக்கும் குழப்பம் உண்டு. உலக அளவில் விதிகளையும் தடைப் பட்டியலையும் வகுப்பது வாடா எனப்படும் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை, 1999-இல் தொடங்கியது. நம் நாட்டில் யாரை, எப்போது சோதிப்பது என்று முடிவு செய்வதும், மாதிரி எடுப்பதும், பாசிட்டிவ் வந்தால் நோட்டீஸ் அனுப்புவதும் நாடா, அதாவது தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை, 2005-இல் உருவானது. பாட்டிலைத் திறந்து சோதிப்பது தேசிய ஊக்கமருந்து சோதனை ஆய்வகம், சுருக்கமாக என்.டி.டி.எல். இது டெல்லி ஜவாஹர்லால் நேரு ஸ்டேடிய வளாகத்தில் இருக்கிறது. வாடாவின் அங்கீகாரம் 2008-இல் கிடைத்தது. உலகம் முழுக்க இப்படி அங்கீகாரம் பெற்றவை 30 அளவில்தான் இருக்கும். நாடாவும் ஆய்வகமும் மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் வருபவைதான் என்றாலும், மாதிரி எடுத்தவர் சோதிக்க மாட்டார், சோதித்தவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். இந்தப் பிரிவினையில்தான் மொத்த ஏற்பாடும் நிற்கிறது.

உங்கள் மகள் அந்த அறையில் என்ன செய்தாள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் காலரிக்குக் கீழே இருக்கும் ஒரு அறை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில்கள், மேசை, ஒட்டினாற்போல் கழிப்பறை. கவரிலிருக்கும் கோப்பைகள் சிலவற்றை வைப்பார்கள்; எதை எடுப்பது என்பது அவள் விருப்பம். ஒரு பெண் அதிகாரி நேராகப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் சிறுநீர் கழிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு மிகவும் கூச்சமான கட்டம் இது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் அவள் பக்கத்து ஆள் ஒருவர் கூட இருக்கலாம். அந்த ஆள் அதிகாரியைக் கண்காணிப்பார், பிள்ளை கேட்டால் தவிரப் பிள்ளையைப் பார்க்க மாட்டார். குறைந்தது 90 மில்லி வேண்டும். அவளே ஏ, பி என்று இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் ஊற்றி, அவளே மூடியைத் திருகுவாள். மூடி ஒரு பக்கம்தான் திரும்பும், திரும்பத் திரும்ப 'டிக் டிக்' என்று சத்தம் வரும். பூட்டிய பின் மூடியை உடைத்தால் தவிரத் திறக்க முடியாது.

கோப்பையில் மிஞ்சிய சொட்டுகளை அதிகாரி ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்து அடர்த்தி பார்ப்பார். 90 மில்லியை ஒட்டிய மாதிரி என்றால் 1.005-க்குக் குறையக்கூடாது. வெயிலில் 400 மீட்டர் ஓடிய பிள்ளைக்குச் சிறுநீர் லேசில் வராது. பயத்தில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிக்கும். அப்புறம் வருவது வெறும் தண்ணீராக இருக்கும், மீட்டர் 1.002 காட்டும், மறுபடி உட்கார வேண்டியதுதான். சாயங்காலம் ஓட்டம் முடித்துவிட்டு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் அப்படி உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை அவளிடம் சொல்லுங்கள்: கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் போதும்.

கடைசியில் ஒரு படிவம். அதில் பாட்டில்களில் அச்சிட்ட எண் இருக்கும், கடந்த ஏழு நாளில் சாப்பிட்ட மருந்து, சத்துப்பொருள் எழுத இடம் இருக்கும், நடைமுறையில் ஏதாவது குறை இருந்தால் எழுதவும் இடம் இருக்கும். நகல் ஒன்று அவள் கையில் தருவார்கள். அதைத் தேடி எடுத்து வையுங்கள். டானிக்கையும் பவுடரையும் எழுதியிருக்கிறாளா பாருங்கள். எழுதியதால் தப்பு மன்னிக்கப்படாது. ஆனால் பின்னால் கேள்வி வந்தால், மறைக்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. எத்தனையோ பிள்ளைகள் கோச் முகத்தைப் பார்த்துவிட்டு 'ஒன்றும் சாப்பிடவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆய்வகத்துக்குப் போகும் தாளில் பெயர் இருக்காது. எண், எந்த விளையாட்டு, ஆணா பெண்ணா, போட்டியின்போது எடுத்ததா வெளியே எடுத்ததா, இவ்வளவுதான் தெரியும். வந்ததும் சீல், எண், அளவு எல்லாம் சரிபார்த்துப் பதிவு செய்வார்கள். பி பாட்டில் திறக்கப்படாமல் உறைபெட்டிக்குப் போய்விடும். ஏ பாட்டிலைத்தான் திறப்பார்கள். அதிலிருந்து சிறு சிறு பங்காக எடுப்பார்கள். ஒவ்வொரு பங்கும் யார் கையில், எத்தனை மணிக்குப் போனது என்பது பதிவாகும்.

ஸ்டீராய்டு போன்றவை சிறுநீரில் அப்படியே வருவதில்லை. கல்லீரல் அவற்றோடு வேறொரு மூலக்கூறை ஒட்டி, நீரில் கரையும்படி செய்துதான் வெளியே தள்ளுகிறது. ஆகவே முதலில் ஒரு நொதியைச் சேர்த்து அந்த இணைப்பை அறுக்க வேண்டும். பிறகு ஈதர் வகைக் கரைப்பானில் இழுத்து, கரைப்பானை ஆவியாக்கி, அடியில் கண்ணுக்கே தெரியாமல் ஒட்டியிருக்கும் எச்சத்தைக் கருவிக்குள் செலுத்துகிறார்கள். கருவியின் முதல் பாதி, மெல்லிய நீளக் குழாய். கலவையில் உள்ள ஒவ்வொரு பொருளும் அதற்கென்று உள்ள நேரத்தில் மறுமுனையில் வெளிவரும். இரண்டாம் பாதியில் மூலக்கூறு உடைக்கப்பட்டு, துண்டுகள் எடை வாரியாகப் பிரிக்கப்படும். வெளிவந்த நேரம், துண்டுகளின் எடை, துண்டுகளுக்கு இடையே உள்ள விகிதம் மூன்றும் பொருந்தினால்தான் 'இது இன்ன பொருள்' என்று சொல்ல முடியும். ஒன்று பொருந்தி இன்னொன்று பொருந்தாவிட்டால் சொல்லக்கூடாது. பல ஸ்டீராய்டுகளை மில்லிக்கு ஓரிரு நானோகிராம் அளவிலேயே பிடித்துவிடுகிறார்கள். இரண்டு நானோகிராம் என்றால், 25 லட்சம் லிட்டர் பிடிக்கும் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை கரைத்தால் ஒரு மில்லி தண்ணீரில் எவ்வளவு இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு.

முதல் சுற்றில் சந்தேகம் வந்தால் அதை வைத்து யாரும் ரிப்போர்ட் எழுத மாட்டார்கள். ஏ பாட்டிலிலிருந்து புதிதாக ஒரு பங்கு எடுத்து, அந்த ஒரு பொருளை மட்டும் குறிவைத்து மறுபடி செய்வார்கள். கூடவே சுத்தமான சிறுநீர் ஒன்றும், அந்தப் பொருள் இருப்பது உறுதியான சிறுநீர் ஒன்றும் அதே ஓட்டத்தில் போகும். சுத்தமானதில் எதுவும் தெரியக்கூடாது, உறுதியானதில் தெரிய வேண்டும், அப்போதுதான் நடுவில் உள்ளதைப் பற்றிப் பேச முடியும். குறைந்தது இரண்டு விஞ்ஞானிகள் தனித்தனியாகத் தரவைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இதற்கு மேல், வாடாவே சாதாரண மாதிரி போலத் தோற்றமளிக்கும் சோதனை மாதிரிகளை அவ்வப்போது கலந்து அனுப்பும்; எது என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. சுத்தமான மாதிரியைப் பாசிட்டிவ் என்று சொல்லிவிட்டால் அங்கீகாரத்துக்கே ஆபத்து. என் தொழிலில் எத்தனையோ தணிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு கறாரானது வேறு இல்லை.

டெஸ்டோஸ்டிரோன் மட்டும் தனிக்கதை, ஏனென்றால் அது எல்லார் உடலிலும் இருக்கிறது. அதைப் போலவே உடலில் உண்டாகும் எபிடெஸ்டோஸ்டிரோன் என்ற பொருளோடு அதன் விகிதத்தைப் பார்ப்பார்கள். 4-க்கு மேல் போனாலோ, அந்த வீரரின் பழைய மாதிரிகளோடு ஒத்துப்போகாமல் மாறினாலோ அடுத்த சோதனை. அது கார்பனின் எடையைப் பார்ப்பது. கார்பனில் 12 எடையுள்ளதும் 13 எடையுள்ளதும் உண்டு. மருந்து டெஸ்டோஸ்டிரோனைச் சோயா போன்ற செடிகளிலிருந்து எடுத்த மூலப்பொருளில் செய்கிறார்கள். அந்தச் செடிகளில் 13 எடைக் கார்பன் சற்றுக் குறைவு. நாம் பலதையும் கலந்து சாப்பிடுவதால் நம் உடல் செய்யும் ஹார்மோனில் அது கொஞ்சம் கூடுதல். ஆயிரத்தில் சில பங்கு வித்தியாசம்தான், ஆனால் கருவி அதைக் காட்டிவிடும். இயற்கையாகவே விகிதம் கூடுதலாக இருக்கும் பிள்ளையையும் ஊசி போட்டுக்கொண்டவரையும் பிரித்துக் காட்டுவது இதுதான். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வேலையும் இதுதான்.

மாற்றிவிட முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். உலகத்தில் நடந்திருக்கிறது. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில், ஆய்வகச் சுவரில் ஓட்டை போட்டு ராத்திரியில் பாட்டில்களை வெளியே எடுத்து, திறக்கவே முடியாது என்றிருந்த மூடியைத் திறந்து, சுத்தமான பழைய சிறுநீரை ஊற்றி வைத்தார்கள். ஆய்வகத் தலைவராக இருந்த கிரிகோரி ரோட்சென்கோவே பின்னால் வெளியே சொன்னார். மூடியின் உட்புறக் கீறல்களும், மனிதச் சிறுநீரில் இருக்கமுடியாத அளவு உப்பும் அதை உறுதிப்படுத்தின. அதைச் செய்ய ஒரு அரசாங்கமே இறங்க வேண்டியிருந்தது, செய்ததும் தங்கள் வீரர்களைக் காப்பாற்ற. பெயர் தெரியாத ஒரு பள்ளிப் பிள்ளையின் பாட்டிலை மாற்ற அப்படி யாரும் மெனக்கெடப் போவதில்லை. நடக்கக்கூடியது காகிதப் பிழை. பளுதூக்கும் வீராங்கனை சஞ்சிதா சானு வழக்கில் சர்வதேசக் கூட்டமைப்பு அனுப்பிய கடிதத்திலேயே மாதிரி எண் இரண்டு விதமாக இருந்தது. கடைசியில் 2020-இல் அந்தக் குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். அதற்குள் இரண்டு ஆண்டு போய்விட்டது. எண்ணைச் சரிபாருங்கள், நகலை வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நம் ஆய்வகத்தை நம்பலாமா? மறைக்காமல் சொல்ல வேண்டும்: 2019 ஆகஸ்டில் சர்வதேசத் தரநெறிப்படி குறைகள் இருக்கின்றன என்று சொல்லி வாடா அதன் அங்கீகாரத்தை நிறுத்திவைத்தது. ஆறு மாதம் என்று தொடங்கியது நீண்டுகொண்டே போய், 2021 டிசம்பரில்தான் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. அதுவரை நம் வீரர்களின் மாதிரிகள் தோஹா போன்ற வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் போயின. சிலர் இதைக் காட்டி 'டெல்லி ரிப்போர்ட் எல்லாம் சும்மா' என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. குறை கண்டால் நிறுத்துகிறார்கள், சரிசெய்த பிறகே திறக்கிறார்கள் என்பதால்தான் இன்று அங்கிருந்து வரும் ரிப்போர்ட்டுக்கு மதிப்பு. வருவது பாசிட்டிவ் என்றால், அந்தப் பொருள் அந்தப் பாட்டிலில் இருந்தது என்பதை நீங்கள் ஏறக்குறைய உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். பி பாட்டிலைத் திறந்து சோதிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, நேரில் இருந்து சீல் உடைப்பதைப் பார்க்கவும் உரிமை உண்டு. ஆனால் பி வேறு மாதிரி வருவது மிக அபூர்வம். அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். நெகட்டிவ் அவ்வளவு உறுதியானதில்லை. அந்த நாளில் அந்தச் சிறுநீரில் தேடியது கிடைக்கவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். மாதிரிகளைப் பத்து ஆண்டு வரை வைத்திருந்து புதிய முறையில் சோதிக்கலாம்; 2008 பெய்ஜிங், 2012 லண்டன் ஒலிம்பிக் மாதிரிகளை அப்படி மறுபடி பார்த்தபோது நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சிக்கினார்கள்.

ஆய்வகத்தால் சொல்லவே முடியாதது ஒன்று உண்டு: அந்தப் பொருள் எப்படி உள்ளே போனது, தெரிந்து போனதா தெரியாமல் போனதா என்பது. அதை நிரூபிக்கும் பாரத்தை விதி வீரர் தலையில் வைத்திருக்கிறது. உடலுக்குள் என்ன போகிறது என்பதற்கு அவரே பொறுப்பு. இது கொடுமையாகத் தோன்றலாம், பல சமயம் கொடுமைதான். ஆனால் 'எனக்குத் தெரியாது' என்ற ஒரு சொல்லை ஏற்றுக்கொண்டால் யாரையும் தண்டிக்க முடியாது என்பதும் உண்மை. 2011-இல் நம் பெண்கள் 400 மீட்டர் தொடர் ஓட்டக் குழுவைச் சேர்ந்தவர்கள் உட்பட ஆறு பேர் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். வெளிநாட்டுக் கோச் வாங்கித் தந்த ஜின்செங்கில் கலந்திருந்தது என்பதுதான் அவர்கள் சொன்னது. இங்கே ஓராண்டுத் தடையோடு முடிந்தது. சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2012-இல் அதை இரண்டு ஆண்டாக்கியது. 2016-இல் மல்யுத்த வீரர் நர்சிங் யாதவ் தன் உணவில் யாரோ கலந்துவிட்டார்கள் என்றார். நாடாவின் குழு ஏற்றுக்கொண்டது. ரியோ ஒலிம்பிக்கில் அவர் களமிறங்க இருந்த வேளையில் அதே நடுவர் மன்றம் நாலு ஆண்டுத் தடை விதித்தது. கோச் கொடுத்தார் என்பது விளக்கமாகும், விடுதலையாகாது.

சரி, இருமல் டானிக். பாட்டில் இருந்தால் லேபிளைப் படியுங்கள். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், குய்ஃபெனசின், அம்ப்ராக்சால், ப்ரோம்ஹெக்சின், குளோர்ஃபெனிரமின், செட்டிரிசின் ஆகியவை தடைப் பட்டியலில் இல்லை. டெர்பியூட்டலின் என்றிருந்தால் தடை. போட்டி நாளில் மட்டுமில்லை, எந்த நாளும். சால்பியூட்டமாலும் லெவோசால்பியூட்டமாலும் டானிக்காகக் குடிக்க அனுமதி இல்லை. சால்பியூட்டமாலை ஆஸ்துமா இன்ஹேலரில் குறிப்பிட்ட அளவுக்குள் இழுக்கலாம். நம் ஊரில் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் பல டானிக்குகளில் இவற்றில் ஒன்று இருக்கிறது. கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷா 2019 பிப்ரவரியில் கொடுத்த மாதிரியில் டெர்பியூட்டலின் இருந்தது. இருமலுக்குக் குடித்த டானிக் என்ற விளக்கத்தை ஏற்றும் எட்டு மாதத் தடை கிடைத்தது. நாலைந்து நாளில் உடலைவிட்டுப் போய்விடுமா என்றால், குடித்த அளவையும் உடலையும் பொறுத்தது. போயிருக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். மருத்துவக் காரணத்துக்காகச் சாப்பிட்டது என்றால், தேசிய அளவு வீரர் என்ற வரையறைக்குள் வராத பிள்ளைகள் மருந்தைச் சாப்பிட்ட பிறகும் மருத்துவ விலக்குக் கேட்கலாம். ஆனால் டாக்டர் சீட்டும் நோயை உறுதிப்படுத்தும் பரிசோதனையும் வேண்டும். தடையில்லாத மாற்று மருந்து இருக்கும்போது சாதாரணச் சளிக்கு விலக்குக் கிடைப்பது கஷ்டம்.

பவுடர்தான் எனக்குக் கூடுதல் கவலை. டானிக்கில் என்ன இருக்கிறது என்று லேபிளில் எழுதியிருக்கும். பவுடரில் இருப்பது லேபிளில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம், தயாரிப்பவருக்கு மனசாட்சி இருந்தால்தான் நடைமுறையில் வரும். 'மூலிகை', 'இயற்கை' என்று எழுதிய டப்பாவிலும் ஸ்டீராய்டு கலப்பது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கலந்ததற்குக் காரணமும் எளிது: ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தால்தான் அடுத்த டப்பா விற்கும். நுண்ணளவுக் கலப்படத்துக்கு விதி கொஞ்சம் இடம் தருகிறது. சில நீர்ப்பெருக்கி மருந்துகள் மில்லிக்கு 20 நானோகிராம் வரை இருந்தால் புகாராக அனுப்ப வேண்டாம் என்று 2021-இல் மாற்றினார்கள், மற்ற மாத்திரைகள் தயாராகும் இடத்திலேயே அவை ஒட்டிக்கொள்வது தெரிந்ததால். ஸ்டீராய்டுகளுக்கு அப்படிப்பட்ட தாராளம் இல்லை. பவுடரை இன்றோடு நிறுத்துங்கள், ஆனால் தூக்கிப் போடாதீர்கள்.

பாசிட்டிவ் என்றால்தான் நாடாவிடமிருந்து கடிதம் வரும், படிவத்தில் எழுதிய முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும். ஆய்வகம் 20 நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்பது நெறி. சில வகைச் சோதனைகளுக்குக் கூடுதலாகும். ஸ்டீராய்டு போன்றவை என்றால் உடனே தற்காலிகத் தடை. டெர்பியூட்டலின் போல, ஊக்கத்துக்காக அல்லாமல் வேறு காரணத்துக்காகவும் உள்ளே போயிருக்கலாம் என்று விதி கருதும் 'குறிப்பிட்ட பொருள்' வகையில் வருபவற்றுக்கு அது கட்டாயமில்லை. முடிவு பாசிட்டிவாகி உறுதியானால் மாதிரி எடுத்த நாளிலிருந்து வந்த பதக்கங்களும் போகும். திருச்சிக்காரரான கோமதி மாரிமுத்துவுக்கு 2019 மார்ச் 18 முதல் மே 17 வரையான முடிவுகள் ரத்தானபோது, ஏப்ரலில் தோஹாவில் ஆசிய சாம்பியன்ஷிப்பில் வென்ற 800 மீட்டர் தங்கமும் அதில் போனது. அந்த வீட்டிலும் ஊரிலும் அது எப்படி இறங்கியிருக்கும் என்று தமிழ்நாட்டில் ஓட்டத்தைப் பின்தொடர்பவர்கள் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் மகள் விஷயத்தில் ஒரு முக்கியமான ஆறுதல் இருக்கிறது. பலருக்கும் இது தெரிவதில்லை. 18 வயதுக்குக் கீழ், நாடா தொடர்ந்து சோதிப்பதற்காகப் பதிவு செய்து வைத்திருக்கும் வீரர் பட்டியலில் இல்லை, சர்வதேசப் போட்டியில் பெரியவர்களுக்கான பொதுப் பிரிவில் ஓடியதில்லை என்றால் விதிப்படி அவள் 'பாதுகாக்கப்பட்ட நபர்'. அப்போது பொருள் எங்கிருந்து வந்தது என்று நிரூபித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரிய அலட்சியம் இல்லை என்று காட்ட முடிந்தால் தண்டனை வெறும் கண்டிப்பிலிருந்து அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை. பெரியவர்களுக்கு ஸ்டீராய்டு என்றால் நாலு ஆண்டில் தொடங்கும். பெயரைப் பகிரங்கமாக வெளியிடுவதும் கட்டாயமில்லை. விசாரணைக் குழுவில் சட்டம் தெரிந்தவர்கள், டாக்டர்கள், முன்னாள் வீரர்கள் இருப்பார்கள். இதற்கென்று 2022-இல் தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டமும் நிறைவேறியது. மேல்முறையீட்டுக்கும் குழு உண்டு. கடிதம் வந்தால் அன்றே இந்த விதி தெரிந்த வக்கீலைப் பாருங்கள். பதில் சொல்லும் கெடு நாட்கணக்கில்தான் இருக்கும்.

இன்னொன்று, நான் மிகவும் கோபத்தோடு சொல்வது. பாதுகாக்கப்பட்ட நபர் ஒருவர் சிக்கினால் அவரைச் சுற்றியுள்ள கோச், டாக்டர், பிசியோ ஆகியோரையும் தானாகவே விசாரிக்க வேண்டும் என்று உலக விதி சொல்கிறது. குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்த கோச்சுக்கு ஆயுள் தடை என்றும் சொல்கிறது. வாடாவின் கணக்கில் 2022-இல் இந்தியாவில் 3,865 மாதிரிகளில் 125 பாசிட்டிவ், 2023-இல் 5,606-இல் 213. அதிகம் சோதிக்கும் நாடுகளில் இவ்வளவு உயர்ந்த விகிதம் வேறெங்கும் இல்லை. இந்த எண்களை வைத்து நம் பிள்ளைகளில் இத்தனை சதவீதம் பேர் மருந்து எடுக்கிறார்கள் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் சந்தேகத்துக்குரியவர்களைத் தேடிச் சோதிப்பதால் விகிதம் கூடும். ஆனால் அந்த நூற்றுக்கணக்கான பெயர்களோடு எத்தனை கோச் பெயர்கள் வந்தன என்று தேடிப் பாருங்கள். வேலை ஒதுக்கீட்டுக்கும் கல்லூரி சீட்டுக்கும் ஒரு சான்றிதழ் தேவைப்படுகிறது. அதற்காகப் பதினைந்து வயதில் ஊசியும் பவுடரும் பிள்ளை கைக்கு வருகின்றன. ஆய்வகம் எவ்வளவு நுட்பமாகச் சோதித்தாலும் பாட்டிலில் பிள்ளையின் சிறுநீர்தான் இருக்கிறது, கொடுத்தவருடையது இல்லை. கொடுத்தவரைப் பிடிக்க வீட்டிலிருப்பவர்கள் வாய் திறந்தால்தான் உண்டு.

ஆகவே ரிசல்ட்டுக்குக் காத்திராமல் இதைச் செய்யுங்கள். டப்பாவை மூடி, லேபிளும் பேட்ச் எண்ணும் தெரியப் படம் எடுத்து, ஒரு கவரில் போட்டு டேப் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். அதே பேட்சில் சீல் உடைக்காத டப்பா கிடைத்தால் அதையும் வாங்கி பில்லோடு வையுங்கள். திறந்த டப்பாவை 'நீங்களே கலந்திருக்கலாம்' என்று சொல்லிவிட முடியும், மூடியதை அப்படிச் சொல்ல முடியாது. டானிக் பாட்டிலும் கடை பில்லும் கூட. கோச் பவுடர் பற்றி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். எந்தத் தேதியிலிருந்து, எத்தனை ஸ்பூன், வேறு மாத்திரை ஊசி ஏதாவது போட்டார்களா என்று மகளிடம் திட்டாமல் கேட்டு அவள் சொன்னபடியே எழுதுங்கள். இனி எந்த மருந்தும் வாங்குமுன் நாடாவின் 'நோ யுவர் மெடிசின்' செயலியில் பெயர் போட்டுப் பாருங்கள். தடைப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் புதுப்பிக்கப்படும், போன வருடம் பார்த்தது போதாது. பவுடரை ஏன் நிறுத்தினாய் என்று கோச் கேட்டால், அவள் பதில் சொல்ல வேண்டாம். அப்பாவிடம் பேசுங்கள் என்று சொல்லச் சொல்லுங்கள்.